ஒழிந்த நோயும் ஒழியாத வீக்கமும்

கும்பகோணம் என்றவுடன் வெற்றிலையும் பித்தளைப் பாத்திரமும் மகாமகமும் நினைவுக்கு வருவதற்கு முன்னால் யானைக்கால் வியாதி நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஊரில் பெண் எடுக்க யோசித்தவர்கள் உண்டு; உத்தியோக மாற்றலில் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் கொசுவலையை முதலில் கட்டிவிட்டுப் படுக்கையைப் பிறகு விரித்ததும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வீடாக வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் ஏந்திப்போன சுகாதார ஊழியர்களைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இளைய தலைமுறையினர் அவர்களைப் பார்த்திருப்பதே அபூர்வம். அந்தப் பேச்சும் அந்தப் பயமும் தஞ்சைத் தரணியில் இன்று ஏறக்குறைய அடங்கிவிட்டன.

இந்த நிம்மதிக்கு நியாயமான காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நோய்ப் பகுதிகள் என்று எண்ணப்பட்ட மாவட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றில், வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை வழங்கும் வழக்கம், பரிசோதனைக்குப் பிறகு தேவையில்லை என்று நிறுத்தப்பட்டுவிட்டது. பொதுச் சுகாதாரத் துறையின் பல ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த பலன் அது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் நோய் ஒழிந்தது என்று நாம் சொல்லும்போது, பரவுவது நின்றது என்பதைத்தான் சொல்கிறோமே தவிர, ஏற்கெனவே பற்றியவர்களின் கதி என்ன என்பதைச் சொல்வதில்லை. அவர்களுடைய தேகத்திலிருந்து நோயை உண்டாக்கிய புழு செத்தொழிந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். கால் மட்டும் மாதாமாதம் கனத்துக்கொண்டே போகிறது. இப்போது அவர்களை வாட்டுவது புழு அன்று. இடம் தவறித் தேங்கிய நீரும், அந்த நீரில் நலிந்துபோன உயிரணுக்களும், நலிவினால் வந்த முடக்கமுமே. இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால், அந்தக் கால்களுக்கு இன்னும் செய்யக்கூடியது எவ்வளவு என்பதும், அதைச் செய்யாமல் விட்டிருக்கும் நம்முடைய அலட்சியம் எவ்வளவு என்பதும் விளங்கும்.

எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆடவனின் சரீரத்தில் சுமார் 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 28 லிட்டர், உயிரணுக்களுக்குள்ளே அடைபட்டிருக்கிறது. மீதி 14 லிட்டரில் ரத்தத்தின் நீர்ப்பகுதியாக ஓடுவது ஏறத்தாழ 3 லிட்டர்தான். எஞ்சியதெல்லாம் உயிரணுக்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய சந்துகளில் ஊறி நிற்கிறது. நுண்குழாய்களின் மெல்லிய சுவர் வழியாக ரத்தத்தின் நீர் இடைவிடாமல் இந்தச் சந்துகளுக்குள் கசிகிறது. இதயத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்திலுள்ள புரதம் அதை உள்ளே இழுத்து நிறுத்துகிறது. இந்த இழுபறியைத்தான் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற சரீர சாஸ்திரி 1896ல் விளக்கினார். இழுப்பைக் காட்டிலும் தள்ளுவது எப்போதும் சற்று மிகுதியாதலால், நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை நீர் வெளியே தங்கிவிடுகிறது. நுண்குழாய்ச் சுவரைத் தாண்டிவிட்ட புரதமோ வந்த வழியே திரும்பிப் போகவே முடியாது. இவ்விரண்டையும் பொறுக்கிச் சேர்த்து, கழுத்தடியிலுள்ள பெரிய சிரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே உடம்பெங்கும் பின்னிக் கிடக்கும் குழாய்களைத்தான் நிணநீர் நாளங்கள் என்கிறோம்.

காவிரிப் படுகையில் பிறந்தவனுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. கல்லணையில் பிரிந்து, காவிரியாகவும் வெண்ணாறாகவும் அரசலாறாகவும் கிளைத்து, கன்னி வாய்க்கால் வரையில் வந்து வயலுக்குள் நுழைகிற தண்ணீரைப் பற்றித்தான் நாம் வழக்காடுகிறோம், மாநாடு கூட்டுகிறோம், தீர்ப்பு வாங்குகிறோம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகால் தூர்ந்துபோன வயலில், பத்து நாள் கழுத்தளவு நீரில் நின்ற சம்பாப் பயிர் வேர் அழுகிச் சாய்வதைப் பார்த்த மிராசுதாரருக்கும் குத்தகைக்காரருக்கும், பாய்ச்சுவது பாதி, வடிப்பது பாதி என்பது தெரியும். உடம்பின் கதியும் அதுதான். ரத்தம் பாய்ச்சுகிறது, நிணநீர் நாளங்கள் வடிக்கின்றன.

ஆனால் ரத்தத்தைச் செலுத்த ஓர் இதயம் இருப்பதைப் போல, நிணநீரைச் செலுத்த அப்படி ஒன்று கிடையாது. அந்த நாளங்களின் சுவர் தானாகவே லேசாகச் சுருங்கி விரியும். திரும்பி ஓடாதபடி உள்ளே சின்னஞ்சிறு கதவுகள் உண்டு. இவை போக, மேலே ஏறுவதற்கு வேண்டிய பலத்தில் முக்கியமான ஒரு பகுதி நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிகிற பிழிவிலிருந்தும், மூச்சை இழுத்து விடுகிறபோது மார்பில் உண்டாகும் அழுத்த மாறுதலிலிருந்தும்தான் கிடைக்கிறது. சிரைகளின் விஷயமும் இதுவே: அசையாமல் நிற்கும் மனிதனின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறுகிறது, அவனே நாலடி நடந்தால் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. ஆகவே அசைவு என்பது உடம்பு செய்கிற வேலைகளில் ஒன்று மட்டுமன்று. உடம்பிலுள்ள நீர் தன் இடத்தில் இருப்பதற்கே அது ஒரு நிபந்தனை.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் புழு வந்து குடியேறியது. வூச்செரீரியா பான்கிராஃப்டி என்று பெயர்பெற்ற அந்தப் பிராணியில் பெண்புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், நூல் பருமன். நிணநீர் நாளத்துக்குள்ளேயே சுருண்டு வருஷக்கணக்கில் வாழ்ந்து, லட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈனும். 1872ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித ரத்தத்தில் அந்த நுண்புழுவைக் கண்டார்; 1876ல் பிரிஸ்பேன் நகரத்து வைத்தியர் ஜோசப் பான்கிராஃப்ட் தாய்ப்புழுவைக் கண்டெடுத்தார்; 1877ல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன், ரத்தத்தோடு உறிஞ்சப்பட்ட நுண்புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதைக் காட்டினார். மலேரியாவுக்குக் கொசுவே காரணம் என்று ரொனால்டு ராஸ் நிரூபிப்பதற்கு இருபது வருஷம் முன்னதாக நடந்த சங்கதி இது. நுண்புழுக்கள் பகலெல்லாம் நுரையீரலின் குழாய்களில் பதுங்கியிருந்துவிட்டு, அவற்றைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரத்தை அறிந்தவை போல இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை மேற்பரப்பு ரத்தத்தில் பெருகி வரும். சுகாதார ஊழியர் நடுநிசியில் கதவைத் தட்டியதன் ரகசியம் அதுதான்.

கொசுவையும் புழுவையும் அறியாத காலத்திலேயே நம்முடைய பழைய வைத்திய நூலார் இந்த வியாதியின் இருப்பிடத்தை அறிந்திருந்தார்கள். சுசுருத சம்ஹிதை இதற்கு ஸ்லீபதம் என்று பெயரிட்டு, பழைய நீர் தேங்கிக் கிடப்பதும் எல்லாப் பருவங்களிலும் குளிர்ந்திருப்பதுமான தேசங்களில் இது விசேஷமாகத் தோன்றும் என்று குறிக்கிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே, குளமும் கொல்லைச் சாக்கடையும் நிறைந்து, மழை விட்டு மாதமாகியும் ஈரம் காயாத கும்பகோணத்து நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான லட்சணம் சொல்ல முடியாது. கியூலெக்ஸ் கொசு தெளிந்த நீரை விரும்புவதில்லை. அழுக்கு தேங்கிய சாக்கடையும், வலையில்லாத கழிவுநீர்த் தொட்டிக் குழாயும்தான் அதற்குப் பிரியம்.

புழு குடியிருக்கும் நாளம் முதலில் விரிந்து தளர்கிறது. உள்ளிருக்கும் கதவுகள் பொருந்தாமல் போகின்றன. புழு சாகும்போது அந்த இடம் வெந்து வீங்கி, ஆறி, தழும்பாகிறது. நீர் கீழேயே நிற்கிறது. இந்த முதல் கட்டத்தில் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வீக்கம் வடிந்துவிடும். பெரும்பாலோர் அதை அலைச்சல் என்றோ வாதம் என்றோ நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். சும்மா இருக்கிற அந்தக் காலத்தில்தான் உள்ளே உயிரணுக்களுக்குத் தீங்கு நேர்கிறது.

எந்த வியாதியும் கடைசியில் உயிரணுவுக்கு நேர்ந்த கேடே என்ற சித்தாந்தத்தை 1858ல் பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோ நிலைநாட்டினார். ஓர் உயிரணு தனக்கு வேண்டிய பிராணவாயுவை நுண்குழாயிலிருந்து பெற வேண்டுமானால், அதற்கும் குழாய்க்கும் உள்ள தூரம் தலைமுடி ஒன்றிரண்டின் பருமனுக்குள் இருக்க வேண்டும். நடுவில் நீர் தேங்கினால் தூரம் கூடுகிறது, காற்று குறைகிறது, கழிவு அகலாமல் தங்குகிறது. ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள்ளே புகும் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருந்தால்தான் பருமன் மாறாமல் இருக்கும். அந்த இறைப்பு இயந்திரத்தை 1957ல் கண்டுபிடித்த டென்மார்க் அறிஞர் யென்ஸ் ஸ்கௌவுக்கு நாற்பது வருஷம் கழித்து நோபல் பரிசு கிடைத்தது. பிராணவாயு அறவே குன்றினால் அந்த இறைப்பும் குன்றி, உப்பும் நீரும் உட்புகுந்து உயிரணு தானே வீங்கும். இது எல்லா அவயவங்களுக்கும் பொதுவான விதி. யானைக்காலில் இன்னொன்றும் சேர்கிறது. வெளியே தேங்கியிருப்பது வெறும் நீரன்று, புரதம் செறிந்த நீர், அதைப் பகையென்று கருதி வெள்ளையணுக்கள் வந்து கூடுகின்றன, அவற்றின் தூண்டுதலால் நார்த்திசுவை நெய்யும் உயிரணுக்கள் ஓயாமல் நெய்கின்றன, கொழுப்பும் படிகிறது. நீராக இருந்த வீக்கம் நாளடைவில் நாராகிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்த கால், பிறகு அழுத்தினாலும் குழி விழாத கட்டையாக இறுகிவிடுகிறது.

இதற்கும் மேலே ஒரு சத்துரு வெளியிலிருந்து வருகிறது. அதற்கு வாசல் திறந்துவிடுவது நடவு வயல். குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் களையெடுக்கவும் நாள் முழுவதும் சேற்றில் நிற்கும் ஸ்திரீகளுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவது டெல்டாவில் யாருக்கும் ஆச்சரியமான விஷயமன்று. மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்குகிறார்கள். நல்ல காலில் அந்தப் புண் நாலு நாள் எரிந்துவிட்டு ஆறிவிடும். வடிகால் கெட்ட காலில் அதே புண்ணின் வழியாகக் கிருமிகள் உட்புகுந்தால், அவற்றைத் தடுக்க வேண்டிய நிணநீர்க் காவல் அங்கே இல்லாதபடியால், சில மணி நேரத்தில் தொடையிடுக்கில் நெறி கட்டி, உடம்பு குளிரில் உதறி, காய்ச்சல் அனலாக அடித்து, கால் சிவந்து வீங்கிவிடுகிறது. ஜனங்கள் யானைக்கால் காய்ச்சல் என்று சொல்லும் இது அநேகமாகப் புழுவின் வேலையன்று, கிருமியின் வேலை என்பதை வற்புறுத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத்தின் டாக்டர் ஜெரூசா டிரேயர். ஒவ்வொரு காய்ச்சலும் வடிந்து போகும்போது காலில் கொஞ்சம் வீக்கத்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது. வருஷத்துக்கு மூன்று நான்கு என்று பத்து வருஷம் வந்தால், எஞ்சுவது யானையின் கால்தான்.

முடக்கம் இந்த இடத்தில் சேர்கிறது. அது மூன்று வழியாக வருகிறது. காய்ச்சல் நாட்களில் வலியால் படுக்க நேர்வது முதல் வழி. கால் கனத்தபின் நாலடி நடக்கவே மலைப்பாக இருப்பது இரண்டாவது. மூன்றாவதும் கொடியதுமானது வெட்கம். கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்ற வேண்டுமே என்று கோயிலுக்குப் போகாதவர்கள், பந்தியில் காலை மடித்து உட்கார முடியாதே என்று கல்யாணத்துக்குப் போகாதவர்கள், பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்குவாரே என்று ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள் நம்முடைய தெருக்களில் இருக்கிறார்கள். தங்கைக்கு வரன் தேடும் வீட்டில் அக்காளைக் கொல்லைக்கட்டில் இருக்கச் சொல்லும் வழக்கம் இன்றும் முற்றாக அற்றுவிடவில்லை. இப்படி உள்ளே உட்கார்ந்துவிட்டவளுக்குக் கெண்டைக்கால் தசை பிழிவதில்லை. பிழியாத காலில் நீர் ஏறுவதில்லை. ஏறாத நீரில் வீக்கம் கூடுகிறது. வீக்கம் கூடக்கூட அவள் இன்னும் உள்ளே ஒதுங்குகிறாள். ஊரார் கண் அவளை முடக்குகிறது. முடக்கம் அவள் காலை வளர்க்கிறது. மனோதுக்கம் சரீர வியாதியாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வைத்திய சாஸ்திரத்தில் அதிகமில்லை.

இந்தக் காலைச் சீராக்க முயன்ற சரித்திரத்தில் தஞ்சாவூருக்கே கௌரவமான ஓர் இடம் உண்டு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ஜமால், அடைபட்ட நிணநீர் நாளத்தைப் பக்கத்திலுள்ள சிரையோடு இணைத்து, தேங்கிய நீருக்கு மாற்றுவழி காணும் நுட்பமான அறுவையை யானைக்காலுக்குச் செய்து, அதன் பலன்களை 1980களின் தொடக்கத்தில் நிணநீரியல் பத்திரிகையில் எழுதினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் காஸ்லி-ஸ்மித் தம்பதியரோடு சேர்ந்து, தேங்கிய புரதத்தைக் கரைப்பதற்குக் கூமரின் என்ற மருந்தையும் இங்குள்ள நோயாளிகளிடம் ஆராய்ந்தார். அந்த மருந்து கல்லீரலுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று பிற்பாடு சில நாடுகளில் விலக்கப்பட்டது. அறுவையோ தேர்ந்த கையும் தகுந்த நோயாளியும் வாய்த்தால்தான் பலிக்கும். ஆயினும், யானைக்கால் என்றால் கைகழுவ வேண்டியதுதான் என்று உலகம் எண்ணியிருந்த நாளில், சோற்றுக்கு உழைக்கிறவனின் காலுக்கும் நுட்பமான சிகிச்சை உண்டு என்று இந்த ஊர் ஆஸ்பத்திரி நம்பியது என்பது நாம் பெருமைப்படத் தக்க விஷயம்.

இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும் சிகிச்சையோ, கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும்: கழுவுதல், துடைத்தல், உயர்த்துதல், அசைத்தல். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தாழ்வாரத்தில் அதைக் கற்றுக்கொடுப்பதை ஒருமுறை நின்று பார்த்தால், இவ்வளவுதானா என்ற எண்ணம் போய்விடும். நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் காலை வைத்து, சாதாரண சோப்பை முதலில் கையில் குழைத்துக்கொண்டு, முழங்காலிலிருந்து கீழே, மடிப்பு மடிப்பாக விரித்து, ஒவ்வொரு விரலிடுக்கிலும் துணியைத் திரித்து நுழைத்துக் கழுவுகிறாள் செவிலி. வெந்நீர் கூடாது; தேய்க்கும் கல் கூடாது. தண்ணீரின் கலங்கல் போகும்வரை ஊற்றுகிறாள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை வாங்குகிறாள். "வெரலிடுக்கெல்லாம் தொடச்சீங்களாக்கா? அங்கதான் காய்ச்சல் குடியிருக்கு" என்று அவள் கேட்கிறாள். எதிரிலிருப்பவள் தன் காலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி, "கை எட்டல தாயி, குனிய முடியல" என்கிறாள். உடனே செவிலி ஒரு குச்சி நுனியில் துணியைச் சுற்றி அவள் கையில் கொடுத்து, செய்துகாட்டச் சொல்கிறாள். வெடிப்பு இருந்தால் பூஞ்சைக் களிம்பு. ராத்திரியில் கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்துதல். உட்கார்ந்திருக்கையில் குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கித் தாழ்த்துதல். காய்ச்சல் அடிக்கும் நாளில் மட்டும் அசைவை நிறுத்தி, ஈரத்துணி போட்டு, தாமதிக்காமல் மருந்துக்கு வருதல். இந்த ஒழுங்கைத் தினந்தோறும் காப்பவர்களுக்குக் காய்ச்சல் வரும் தடவைகள் குறைவதும், ஆரம்பக் கட்டத்திலுள்ள வீக்கம் வடிவதும் பல நாடுகளில் அனுபவமாகக் கண்ட உண்மை. முற்றிய கால் பழைய கால் ஆகாது; ஆனால் மேலும் முற்றாமல் நிறுத்தலாம்.

இவ்வளவு எளிய உபாயம் இருந்தும் அது எல்லோரையும் ஏன் எட்டவில்லை என்று கேட்டால், நம்முடைய யுத்தமெல்லாம் கொசுவோடும் புழுவோடும் நடந்தது என்பதே பதில். 1955ல் தேசியப் பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் கொசு வளரும் இடங்களை ஒருசேர ஒழிக்கும் பரீட்சை நடந்தது. அதே பத்தாண்டில், நம் படுகையின் கடைமடையிலுள்ள காரைக்காலில், நுண்புழுவைக் கொல்லும் டைஎத்தில்கார்பமசின் மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். ரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களின் விகிதம் மிகவும் சரிந்தது. 1997ல் உலகச் சுகாதார மகாசபை இந்த நோயை ஒழிப்பதெனத் தீர்மானித்தது. நம்முடைய 2002ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரக் கொள்கை 2015ஐக் கெடுவாக வைத்தது. அந்தக் கெடு நகர்ந்து நகர்ந்து இப்போது 2027ல் நிற்கிறது. இலங்கையோ 2016லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது.

அந்த அங்கீகாரத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பரவல் நின்றதைக் காட்டுவது ஒன்று. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கும் இதே புழுவால் விரைவீக்கம் கண்டவர்களுக்கும் வேண்டிய சிகிச்சை அவரவர் இருக்கும் இடத்தில் கிடைக்கிறது என்று காட்டுவது மற்றொன்று. முதலாவதை இயக்கமாகவும் கொண்டாட்டமாகவும் செய்தோம். மாத்திரை விழுங்கும் படம் பத்திரிகையில் வந்தது. இரண்டாவது, தொட்டியும் குவளையும் துண்டும் சோப்பும் களிம்பும் அடங்கிய ஒரு பையை ஒருமுறை கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. சோப்பு ஒரு மாதத்தில் கரையும். களிம்பு அதற்கு முன்னால் தீரும். கால் ஆயுள் முழுவதும் இருக்கிறது.

உதவித்தொகை விஷயத்திலும் ஒரு விபரீதம் இருக்கிறது. வீக்கம் முற்றி நான்காம் நிலையை அடைந்த காலுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் பணம் தருகிறது. தர வேண்டியதுதான், இன்னும் கூடுதலாகவே தர வேண்டும். ஆனால் முதல் நிலையில், கழுவலும் அசைவும் கொண்டு நிறுத்திவிடக்கூடிய நிலையில், இருக்கும் பெண்ணை நாம் தேடிப் போவதில்லை. அவளுடைய கால் கட்டையாகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, ஆனபிறகு சான்றிதழ் கொடுக்கிறோம். சர்க்காரின் கருணை வியாதியின் கடைசிப் படியில் நின்று கை நீட்டுகிறது. முதல் படிக்கு இறங்கி வந்தால் செலவும் குறையும், துயரமும் குறையும்.

நோயாளிகள் சிலரே, அவர்களும் வயோதிகர்கள், இன்னும் சில வருஷத்தில் இந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்று சொல்வாரும் உண்டு. பேசாமல் உள்ளுக்குள் நினைப்பவர்கள் இன்னும் அதிகம். இதற்கு மூன்று பதில்கள் சொல்லலாம். இந்தியா முழுவதும் இப்படிக் கால் வீங்கியவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல் என்பது சர்க்காரின் கணக்கு. அது சிறு தொகையன்று. இளமையில் பற்றிய புழு நாற்பது வயதில் காலாக வெளிப்படுவது உண்டாகையால், பரவல் நின்றபின்னும் புதிய வீக்கங்கள் சில காலம் தோன்றிக்கொண்டுதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாகும்வரை காத்திருப்பது என்பது ஒரு சிகிச்சை முறையாக எந்த நாகரிக சமூகத்திலும் எண்ணப்படக்கூடாது.

மேலும், தேங்குதல், நலிதல், முடங்குதல் என்ற இந்தச் சக்கரம் புழு பற்றியவர்களோடு நிற்பதில்லை. பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடக்கும் பெரியவரின் இடுப்பெலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்தம் ஓடாமல் உயிரணு மடிந்து, படுக்கைப்புண்ணாகிறது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் இருந்தால் அந்தப் புண் வராமல் தடுக்கலாம். அசையாத காலின் ஆழமான சிரையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்குவதும் உண்டு. ஓட்டத் தேக்கம், குழாய்ச் சுவரின் காயம், ரத்தத்தின் உறையும் தன்மை என்று இதற்கான மூன்று காரணங்கள் அதே விர்ஷோவின் பெயரால்தான் இன்றும் வழங்குகின்றன. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே புடவை விரித்துப் போடும் பெண்களின் கணுக்கால் சாயங்காலத்தில் வீங்குவதும் இதே விதிப்படிதான். நிற்பது உழைப்பு; ஆனால் அசையாமல் நிற்பது கால்களுக்குக் கிடப்பதைவிடக் கொடுமை. அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் எத்தனை கடைகளில் அந்த இருக்கை இருக்கிறது, இருந்தாலும் எத்தனை முதலாளிகளின் கண்ணெதிரே அதில் உட்கார முடிகிறது என்பதைக் கடைக்குப் போகிறவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை செலவு மிகுந்த காரியங்கள் அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவரும் ஊழியர்களோடு இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டு வாசலுக்கு வருகிறார். டெல்டா மாவட்டங்களில் அவர் பார்க்க வேண்டிய பட்டியலில், எந்த நிலையிலுள்ள வீங்கிய காலும் விடுபடாமல் சேர வேண்டும். சோப்பும் களிம்பும் மாத்திரையைப் போலவே மாதந்தோறும் வர வேண்டும். வீங்கிய பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த செருப்பு, கிடைக்காத பொருளாக இருக்கக்கூடாது. நடவுக்கு முன்னால் விரலிடுக்கைப் பார்த்துக்கொள்வதும், கரையேறியபின் கழுவித் துடைப்பதும், சேற்றுப்புண் இருந்தால் அன்றே மருந்து வாங்குவதும் கிராம செவிலியின் வழக்கமான போதனைகளில் ஒன்றாக வேண்டும். கொசுவையும் மறந்துவிடலாகாது: நோய் இன்னும் உள்ள மாநிலங்களிலிருந்து நம் வயல்களுக்கும் கட்டடங்களுக்கும் உழைக்க வருகிறவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காமல், அவர்கள் தங்கும் இடத்தில் இரவு ரத்தப் பரிசோதனை நடத்தி மருந்து கொடுப்பதும், கழிவுநீர்த் தொட்டிக் குழாய்களுக்கு வலை கட்டுவதும் நகராட்சிகளின் கடமை.

இத்தனையையும் சர்க்கார் செய்தாலும், ஒன்றை மட்டும் அதனால் செய்ய முடியாது. வீங்கிய காலோடு ஒருத்தி தெருவில் நடந்து போகும்போது அவளுடைய காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுவது, கல்யாணப் பந்தியில் அவளுக்கு நாற்காலி போட்டு இலை போடுவது, வெளியே வா என்று வீட்டார் அவளை அழைப்பது: இவை தர்மம் மட்டுமன்று, வைத்தியமும்கூட. அவள் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் பிழிந்து, தேங்கிய நீரில் ஒரு துளியாவது மேலே ஏறுகிறது. புழுவை ஒழித்ததற்காகச் சுகாதாரத் துறையைப் பாராட்டுகிற நாம், அவளை நடமாட விடாமல் வைத்திருக்கிற வெட்கத்தை உண்டாக்கியவர்களும் நாமே என்பதை ஒப்புக்கொண்டால்தான், இந்தப் படுகையில் யானைக்கால் ஒழிந்தது என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதை நமக்கு வரும்.